முகட்டு வளையில் குளவி

எனக்குக் குளவியென்றால் பயமில்லை. கடலென்றால்தான் பயம். சுனாமி கல்முனைக்குடியில் என் வீட்டையும் என்னைக் கட்டிய மாப்பிள்ளையையும் கொண்டுபோன பிறகு, சம்மாந்துறையில் என் கூடப்பிறந்த ராத்தா ஸைனம்புவின் வீட்டில்தான் இருந்தேன். அங்கே அலைச் சத்தம் கேட்காது.

அது வாப்பா ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. கூரை மாற்றியபோது சண்டைக் காலம். முதிர்ந்த மரம் வெட்டக் காட்டுக்குள் போக யாருக்கும் துணிவில்லை. வாப்பா மாமரத்தைப் பச்சையாகவே கூரையைத் தாங்கும் முகட்டு வளையாக ஏற்றினார். வண்டு பிடித்தது.

ராத்தா பிள்ளை உண்டாகியிருந்தாள். மச்சான் கத்தாரில். "கறுக் கறுக்கெண்டு புழு தின்னுது பாஹிமா. வளை தலையில விழுந்திருமோ எண்டு பயமாரிக்கி" என்பாள்.

பிறகு குளவிகள் வந்தன. மெலிந்த உடல், பின்னால் ஊசிபோல் நீண்ட வால். வளைமேல் தட்டித் தட்டி நடந்து, உள்ளே புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஊசியை மரத்துக்குள் இறக்கி முட்டையிடும். அதன் குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு தின்று வளரும். கதிரை போட்டு ஏறி நின்று பார்ப்பேன். சுத்தமான வேலை.

மரவேலை ஓடாவி சீனித்தம்பி வளையைப் பார்க்க வந்த அன்று ராத்தா கிளினிக்குக்குப் போயிருந்தாள். அவர் வளையை உளியால் குத்திப் பார்த்தார்.

"உள்ளுக்கு வெறும் கோது தங்கச்சி. மாரி மழைக்கு முன்ன மாத்திப்போடுங்க."

ராத்தா சிரித்துக்கொண்டே திரும்பினாள். "பொம்புளப் புள்ளையாம். ஊட்டுக்காரி வரப்போறாகா, இனி நீ வேற ஊடு பாரு."

பகிடிதான். ஆனால் எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்பிள்ளை இல்லாமல் ராத்தா மவுத்தானால் வழக்கப்படி வீடு எனக்கு வரும். பிள்ளை பிறந்தால் எனக்குச் சுனாமி நிவாரண வீடுதான். அது கடற்கரையில்.

"ஓடாவி என்னவாம்?" என்று கேட்டாள்.

"புழுவெல்லாத்தையும் குளவி முடிச்சிரும். பயப்படாத ராத்தா" என்றேன்.

அதில் பொய்யில்லை. சத்தமும் மெல்ல நின்றுபோனது.

அது சண்டை முடிந்த வருசம். மாரி மழையில் ஓடுகள் ஊறிப் பாரமாயின. சுவரோரம் ஒழுகுகிறதென்று சொல்லி, ராத்தாவின் கட்டிலை வளைக்கு நேர் கீழே இழுத்துப் போட்டவள் நான்தான். சுவரோரம் ஒழுகவில்லை.

"நீ இல்லாட்டி எனக்கு ஆருகா" என்றபடி படுத்துக்கொண்டாள்.

வளை அவள் தலையில் விழுந்தது. வயிற்றில் படவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள்.

இப்போது வீடு அந்தப் பிள்ளையுடையது. மச்சான் அவளை என்னிடமே ஒப்படைத்துவிட்டுக் கத்தாருக்குத் திரும்பிவிட்டார். என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். நான் குளிக்கப் போனாலும் அழுவாள். தாயில்லாப் பிள்ளை, பாவம். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் அல்லாஹ் என்னை இந்த வீட்டில் வைத்திருக்கிறான்.