காணாமல் போன ஒன்பது ஜி.பி.

சைமி: …இந்த போன சும்மா ஒரு தடவை அணைச்சுட்டுப் போட்டுப் பாக்கட்டுமா ஒஸ்மோ? நான் ஓட்டுற பஸ்ஸே அப்படித்தான் சரியாகும்.

ஒஸ்மோ: தொடாத! கைய எடு! அத அணைச்சேன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்.

சைமி: இப்ப மட்டும் பேசிக் கிழிக்கிறியாக்கும். எட்டு வருஷமா எதிர் வீடு. "குளிருது", "பஸ் லேட்டு", "காபி இருக்கு". இதுக்கு மேல உன் வாயிலேர்ந்து எதுவும் உதிர்ந்ததில்ல.

ஒஸ்மோ: காபி இருக்கு.

சைமி: பாத்தியா!

ஒஸ்மோ: ஊத்திக்கோ. ஏலக்காய் பன்னும் இருக்கு. வீட்டுக்குள்ள எதுக்கு அந்த ஹெட்போன மாட்டிக்கிட்டு நிக்கிற?

சைமி: காது குளிருது. நீ போனப் பாரு.

ஒஸ்மோ: சரி, முதல்லேர்ந்து சொல்லு. வியாழக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரை சவுனாவுக்கு, நீராவிக் குளியலுக்குப் போனோம்…

சைமி: போனதும் படகுத்துறையில பெட்டிய வச்சேன். பெட்டிக்குள்ள இந்த போன். ஒயரோட மைக்க ஐஸுக்கு அடியில இறக்கிவிட்டு, பதிவு ஆரம்பிச்சேன். இன்னிக்குக் காலையில போய் எடுத்துப் பாத்தா ஃபோல்டர் காலி. ஒரு பதிவும் இல்ல. ஆனா போன் "இடமில்ல, இடமில்ல"ன்னு கத்துது.

ஒஸ்மோ: காலியா? மொத்தமா காலியா? வெள்ளிக்கிழமை பதிவு கூட இல்லையா?

சைமி: ஒண்ணுமே இல்ல. ஏன், உனக்கு மூஞ்சி இப்படி வெளுக்குது?

ஒஸ்மோ: ஜன்னல் வெளிச்சம்.

சைமி: ஒஸ்மோ, ஏரியில புது ஐஸு விரியும்போது பாடுறது வருஷத்துக்கு ஒரே தடவை. மேல பனி விழுந்தா ஊமையாயிடும். நேத்து விழுந்துடுச்சு. பன்னெண்டு மணிக்கு வானொலி நேரலையில அதப் போடணும். என் பஸ்ல ஏறின அத்தனை பேருக்கும் சொல்லி வச்சிருக்கேன். இப்ப மணி பதினொண்ணு பத்து. இந்தப் பதிவு கிடைக்கலேன்னா நான் ஊருக்குள்ள பஸ் ஓட்ட முடியாது.

ஒஸ்மோ: இரு இரு… இதப் பாரு! மொத்த இடம் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு கேட்டேன். பதினாறு ஜி.பி.யும் நிறைஞ்சிருக்குங்குது. ஒவ்வொரு ஃபோல்டரா எண்ணிக் கூட்டிச் சொல்லுன்னேன். ஏழுதான் வருது!

சைமி: ரெண்டுல எது பொய் சொல்லுது?

ஒஸ்மோ: ரெண்டுமே பொய் சொல்லல! அதுதான் இதுல அழகே! ஒன்பது ஜி.பி. இருக்கு, ஆனா எங்கயும் இல்ல.

சைமி: என் மானம் போகப் போகுது, உனக்கு அழகா இருக்கா?

ஒஸ்மோ: மெமரி கார்டக் கழட்டு. சில நேரம் கார்டு மேல உக்காந்துக்கிட்டு அடியில இருக்குறத மறைச்சிடும்.

சைமி: கழட்டிட்டேன்.

ஒஸ்மோ: ம்ஹும். அங்க இல்ல. அப்ப… அப்ப அதுவாத்தான் இருக்கணும். கடவுளே, அதுவா இருக்கட்டும்!

சைமி: எதுவா?

ஒஸ்மோ: நம்ம கட்டடத்துல ஒவ்வொரு கதவுலயும் பேரு எழுதியிருக்குல்ல? இந்த போன் லினக்ஸ். இதுல ஃபைல அழிக்கிறதுன்னா, கதவுல இருக்குற பேரக் கழட்டுறது, அவ்வளவுதான். உள்ள ஆள் இருக்குற வரைக்கும் வீட்ட இடிக்க மாட்டாங்க. ஆள் வெளிய போனாத்தான் இடிப்பாங்க. ஃபோல்டர் ஃபோல்டரா எண்ணுறவன் கதவுல பேரப் பாத்து எண்ணுறான். பேர் இல்லாத வீட்ட விட்டுட்டான்!

சைமி: உள்ள யாரு ஆளு?

ஒஸ்மோ: திறந்து கிடக்குற ஃபைலெல்லாம் கேக்குறேன்… இதோ! இதோ! உன் பதிவு ஆப்! இன்னும் ஓடுது! ஒன்பது ஜி.பி. ஃபைல மடியில வச்சிருக்கு, பக்கத்துல "அழிக்கப்பட்டது"ன்னு போட்டிருக்கு!

சைமி: அப்ப இருக்கா? என் ஐஸு இருக்கா?

ஒஸ்மோ: இருக்கு! இடம் தீர்ற வரைக்கும், இருபத்தெட்டு மணி நேரம் எழுதித் தள்ளியிருக்கு!

சைமி: ஐயோ என் செல்லமே! சரி, அந்த ஆப்ப மூடிட்டு…

ஒஸ்மோ: மூடாதடி! மூடினா வீடு இடிஞ்சுது!

சைமி: கத்தாத! தொடல!

ஒஸ்மோ: இத அப்படியே லேப்டாப்புக்கு இழுக்கணும். ஒயரக் குடு.

சைமி: ஒயர் போடுற துளையில தண்ணி போயிடுச்சு. சார்ஜும் ஏறல.

ஒஸ்மோ: பேட்டரி?

சைமி: பதினோரு சதவீதம்தான்.

ஒஸ்மோ: வைஃபைதான் கதி. இருபது நிமிஷம் ஆகும். திரையோட வெளிச்சத்தக் குறை. மூச்சு விடாத.

சைமி: நான் மூச்சு விட்டா பேட்டரி குறையுமா?

ஒஸ்மோ: எனக்குப் பதறுது. ஒரு ஜி.பி.… ரெண்டு…

சைமி: ஒஸ்மோ, கதவுல பேரக் கழட்டினது யாரு?

ஒஸ்மோ: யாராவது… கை தவறி… வியாழக்கிழமை ஏழு நாப்பதுக்கு…

சைமி: எத்தனை மணிக்கு அழிச்சாங்கன்னு கூட போன் சொல்லுதா?

ஒஸ்மோ: ஆ… சொல்லும்.

சைமி: காட்டு.

ஒஸ்மோ: …சொல்லாது.

சைமி: ஒஸ்மோ.

ஒஸ்மோ: பேட்டரி எட்டு.

சைமி: ஒஸ்மோ!

ஒஸ்மோ: நான்தான்! நான்தான் அழிச்சேன். போதுமா? சவுனாவுலேர்ந்து ஓடி வந்து ஐஸ் ஓட்டையில முங்கி எந்திரிச்சேன். ஓட்டைக்குப் பக்கத்துல மண்டி போட்டு… கொஞ்சம் பேசினேன். அப்புறம்தான் பெட்டியப் பாத்தேன். மைக் அங்கதான் இறங்கியிருக்கு.

சைமி: யார்கிட்ட பேசின?

ஒஸ்மோ: ஏரிகிட்ட.

சைமி: மனுஷங்ககிட்ட பேசாதவன் ஏரிகிட்ட என்ன பேசின?

ஒஸ்மோ: ஆறு ஜி.பி. ஆச்சு.

சைமி: பத்து வருஷம் போன் கம்பெனியில இதே வேலை பாத்தவன், ஓடிக்கிட்டிருக்குற ஆப்ப நிறுத்தாம ஃபைல அழிப்பானா?

ஒஸ்மோ: மைனஸ் எட்டு டிகிரி. உடம்புல பொட்டுத் துணியில்ல. நின்னு யோசிக்கவா முடியும்? அரை மணி நேரம்தானே போகுது, ஆப் தானா புதுசா ஆரம்பிச்சுக்கும்னு நெனச்சேன். காலின்னு நீ சொன்னதும் செத்துட்டேன் சைமி. உன் ஐஸ நான் கொன்னுட்டேன்னு…

சைமி: பேட்டரி மூணு.

ஒஸ்மோ: எட்டு ஜி.பி. வா வா வா…

சைமி: ரெண்டு!

ஒஸ்மோ: எட்டரை… தங்கமே, இன்னும் கொஞ்சம்…

சைமி: ஒண்ணு! ஒஸ்மோ, ஒண்ணு!

ஒஸ்மோ: வந்துருச்சு! முழுசா வந்துருச்சு!

சைமி: போன் செத்துடுச்சு!

ஒஸ்மோ: சாகட்டும்! கேளு, நடுவுல ஒரு இடத்துல வைக்கிறேன்… கேக்குதா? பியூ…ங்னு!

சைமி: பாடுது! டேய், பாடுது! குடு லேப்டாப்ப, வானொலி நிலையம் ரெண்டு தெரு தள்ளித்தான், ஓடிடுறேன்.

ஒஸ்மோ: ஒரு நிமிஷம். அந்த ஏழு நாப்பத மட்டும் வெட்டிடுறேன். நீ கேக்காத. எட்டு வருஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் உன்கிட்ட கேக்குறேன்.

சைமி: வெட்டாத.

ஒஸ்மோ: ஊரே சிரிக்கும்!

சைமி: ஊருக்குப் போட மாட்டேன். அது எனக்கு.

ஒஸ்மோ: வேணாம் சைமி, நீ வேற எதுக்காச்சும் சிரி. வியாழக்கிழமை சாஸேஜ் சுடுறேன்னு கரியாக்கினியே, அதுக்குச் சிரிக்கலாம்.

சைமி: அது ஏன் கரியாச்சுன்னு நெனச்ச மடையா? அடுப்பு பத்தடி தள்ளித்தான் இருந்துச்சு, மைக்ல விழுறதெல்லாம் கேக்குற இந்த ஹெட்போன் காதுல இருந்துச்சு. "சைமி, என்னக் கட்டிக்கிறியா"ன்னு நீ அந்த ஓட்டைக்குள்ள மூணு தடவ கேட்ட. மூணு தடவையும் நான் "சரி"ன்னேன். என் பக்கம்தான் மைக் இல்ல.