இரண்டு விரற்கடை

கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது ஐயா. கோடு விழுந்துவிடும். காய்ந்த பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். இருபது வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அதனால்தான் சந்திப்பில் இருக்கும் வளைந்த கண்ணாடியைக் குடியிருப்போர் சங்கம் என் பொறுப்பில் விட்டது. தினமும் காலை ஏழு மணிக்கு ஏணி போட்டுவிடுவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

எங்கள் தெரு பெரிய சாலையில் சேரும் இடத்தை ஒரு கிடங்கின் மதில் மறைக்கிறது. வலப்பக்கம் லாரி வருகிறதா என்று எதிர்க் கம்பத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்க முடியும். சிக்னல் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். சாலை அலுவலகத்துப் பொறியாளர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"ஒரே வருஷத்துல மூணு சாவு இருந்தாத்தான் சிக்னலுக்கு எழுத முடியும் சார். உங்க சந்திப்புல ரெண்டுதானே ஆகியிருக்கு. கை கால் போனதெல்லாம் இதுல சேராது."

அந்த இரண்டில் முதலாவது என் மனைவி. எதிர்ப்பக்கக் கடைக்குத் தையல் நூல் வாங்கப் போனவள். மூன்று மாதம் கழித்து ஒரு தச்சர். தச்சர் போன மறுநாளே என் மாமனார் மஞ்சள் குடையும் கையுமாகச் சந்திப்பில் போய் நின்றார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மழையோ காய்ச்சலோ அவரை நிறுத்தாது. குடையை நீட்டி வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளைப் பத்திரமாக அக்கரை சேர்ப்பார். என் மகளையும்தான். அவளுக்குப் பதினொரு வயது.

தெருவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். எட்டு மாதம் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதில் இருந்த சிக்கல் என் ஒருவன் கண்ணுக்குத்தான் பட்டது. மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. அவர் படுத்துவிட்டால் மகள் அந்தச் சாலையைத் தனியாகக் கடக்க வேண்டும். அவர் நிற்கிற வரையிலோ சிக்னல் வராது. மனைவியின் முதல் வருட நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தாண்டினால் அவள் செத்தது கணக்கிலேயே வராது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்துக்கு நாயாய் அலைந்தேன். பொறியாளரின் காலைப் பிடித்து அழுதேன். அவர் விதிப் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மாமாவே ஒரு நாள் சொன்னார். "எனக்கு இனிமே என்ன இருக்கு மாப்ளே. எம் பொண்ணு போன எடத்துலயே நானும் போயிட்டா நிம்மதி." இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் வாயால் சொன்னது.

நினைவு நாளுக்கு மூன்று நாள் இருந்தது. பிள்ளைகள் ஏழே முக்காலுக்குத்தான் வருவார்கள். மாமா ஏழேகாலுக்கே கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் இடம் பிடிப்பார். காது மந்தம். ஆனால் நான் துடைத்த கண்ணாடி என்றால் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். துடைத்து முடித்ததும் திருகாணியைத் தளர்த்தி, கண்ணாடியை இரண்டு விரற்கடை திருப்பினேன். அவ்வளவுதான். அவரை நான் தொடக்கூட இல்லை. தண்ணீர் லாரி வழக்கமான வேகத்தில்தான் வந்தது. அந்த ஓட்டுநர் இப்போது சிறையில் இருக்கிறாராம். வேகத்துக்கு அவர்தானே பொறுப்பு.

முதலில் ஓடியவன் நான்தான். தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு நினைவு இருந்தது.

"கண்ணாடி திரும்பியிருக்கு மாப்ளே. பாப்பா வர்றதுக்குள்ள சரி பண்ணிடுங்க."

அவர் மூச்சு அடங்கியதும் ஏணியை எடுத்துப் போய்ச் சரி பண்ணினேன். அவர் சொல்லை நான் எப்போதும் தட்டியதில்லை.

மகள் மாடி ஜன்னலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்பா அன்னிக்கு ரெண்டு தடவ ஏணி போட்டாங்க" என்று உங்களிடம் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை. அவள் அம்மாவைப் போலவே கூர்மையான பிள்ளை. சிக்னல் வந்துவிட்டது, ஆனால் அவள் சுற்று வழியில்தான் பள்ளிக்கூடம் போகிறாளாம். என்னைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாளாம். அதுதான் ஐயா தாங்க முடியவில்லை.

மேசையில் இருக்கும் இந்தத் தாளைக் காட்டி, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். மாமாவின் சட்டைப்பையில் இருந்தது என்கிறீர்கள். தினமும் மதியம் தவறாமல் சாலை அலுவலக வாசலில் போய் உட்கார்ந்து, விதிவிலக்காக அவர் வாங்கிய சிக்னல் உத்தரவாம். அவர் சாவதற்கு நான்கு நாள் முந்தைய தேதி போட்டிருக்கிறது. நினைவு நாளன்று எங்களிடம் சொல்லலாம் என்று வைத்திருந்திருப்பார். மூன்று முறை படித்துவிட்டேன். கையெழுத்து இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. ஆனால் அலுவலகங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா. கையெழுத்தான தாள்கள் எத்தனை அலமாரிகளில் தூங்குகின்றன. மூன்றாவது சாவு இல்லாமல் இது இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது.

நகர்ந்திருக்காது என்று நீங்களாவது என் மகளிடம் சொல்லுங்கள் ஐயா.