சலூட்டில் முந்திய கப்டனுக்கு

குன்றும் குடாவும் குலவிக் கிடக்கும் கோணமலை நகரிலே, கரும்பலகையின் முன் கனிவும் களத்தின் முன் கண்டிப்புமாய், காலையில் சேலை கட்டிய ஆசிரியையாகவும் மாலையில் சீருடை தரித்த அதிகாரியாகவும் சலிப்பின்றிச் சேவையாற்றி, இன்று அறுபது அகவை நிறைந்து ஓய்வு பெறும் பெருமாட்டி, எங்கள் பாசத்துக்கும் சற்றே பயத்துக்கும் உரிய புவியியல் ஆசிரியை, மாணவர் படையணியின் கப்டன் திருமதி மங்களேஸ்வரி பாக்கியரத்தினம் அவர்களின் திருக்கரங்களில், ஆசிரியர் குழாத்தினராகிய நாங்கள் அகம் நிறைந்து சமர்ப்பிக்கும் மடல் இது.

அம்மையே!

மடல் தயாராகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, "கனக்கப் புகழாதேங்கோ. பொய் எழுதினா நான் வாங்கமாட்டன்" என்று எச்சரித்துவிட்டீர்கள். ஆதலால் 'பொறுமையின் சிகரமே' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டோம். தங்களுக்குப் பொறுமை கிடையாது. பிந்தி வந்தவர் மாணவியாயினும் ஆசிரியராயினும் தங்கள் பார்வைக்குத் தப்பி வாயிற்கதவைத் தாண்டியதில்லை. மாரி மழையில் மைதானம் சேறாகிவிட்டது, பயிற்சியை நிறுத்தலாமே என்று நாங்கள் கேட்டபோது, "சேறு சப்பாத்துக்குத்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தவர் தாங்கள். பின்னால் வந்த எங்கள் சேலைகளைப் பற்றித் தாங்கள் கவலைப்படவில்லை.

இப்பாடசாலையிலே பெண்பிள்ளைகளுக்கெனப் படையணியைத் தாங்கள் தொடங்கியபோது ஊர் கைதட்டி வரவேற்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. "சண்டையில நாங்கள் பட்டது காணாதே, எங்கட பிள்ளையளுக்கும் அந்த உடுப்போ?" என்று ஒரு தாய் அலுவலக வாசலில் நின்று அழுதார். அத்தாயைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, "நீங்கள் சொல்லுறது பிழை எண்டு நான் சொல்லேல்லை. உங்கட மகள் நாலுபேருக்கு முன்னால நிமிர்ந்து நிண்டு கதைக்கப் பழகட்டும். பிடிக்காட்டி வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்றீர்கள். அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. அடுத்த ஆண்டு இளைய மகளையும் சேர்த்துவிட்டார்.

மாண்புமிகு அதிகாரியே, மரபறிந்த மங்கையே! மேலதிகாரியைக் கண்டால் கீழதிகாரி கை உயர்த்துவதை எவரும் மறப்பதில்லை. சம தரத்தார் இருவர் சந்திக்கும் இடத்தில்தான் சங்கடம் தலைகாட்டும். இருவர் தோளிலும் மூன்று நட்சத்திரம் இருந்தால் யார் முந்துவது? அத்தரத்தை முதலில் பெற்றவரே மூத்தவர், பின்னர் பெற்றவரே முதலில் சலூட் வைக்க வேண்டும் என்பது படையணியின் வழக்கம். ஆண் கப்டன்மார் தமக்குள் இவ்வழக்கத்தைப் பிசகின்றிப் பேணினார்கள். தங்களைக் கண்டால் மட்டும் "குட் மோனிங் மிஸ்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவமதிக்க வேண்டும் என்பதல்ல. பெண்ணொருவருக்குச் சலூட் வைக்க அவர்கள் கை பழகியிருக்கவில்லை. தாங்களும் சிரித்தே பதில் சொன்னீர்கள். ஆனால் தங்கள் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை மாவட்டப் பயிற்சி முகாமின் இறுதி அணிவகுப்பை நடத்தும் பொறுப்பு, மூத்த கப்டன் என்ற முறையில் தங்களுக்குக் கிடைத்தது. எங்கள் மாவட்டத்தில் அப்பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்தது அதுவே முதல் தடவை. வீட்டு முற்றத்திலும் ஒத்திகை பார்த்தீர்கள் என்று தங்கள் கணவர் சொல்லி அறிவோம். அணிகளை வரிசையில் நிறுத்திய கிண்ணியாவின் கப்டன் நௌபர் அவர்கள், சலூட் வைத்து அணிவகுப்பைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும். முன்வரிசையில் வீற்றிருக்கும் நௌபர் சேர் முகம் சுளிக்க வேண்டாம். இதை எழுதத்தான் வேண்டும் என்று எங்களை வற்புறுத்தியவர் அவரே. அன்று அவர் வந்தார், நின்றார், கையைக் கீழே வைத்தபடியே, "மிஸ், எல்லாரும் வந்திட்டாங்க. நீங்க தொடங்குங்க" என்றார்.

தாங்கள் தொடங்கவில்லை. முகாம் பொறுப்பதிகாரியிடம் முறையிட்டால், தண்டனையாக நௌபர் சேரின் அணி அப்போதே பஸ் ஏறி வீடு திரும்ப வேண்டிவரும். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலிருந்து சப்பாத்து மினுக்கி வந்த பெடியன்கள் என்ன பிழை செய்தார்கள்? பேசாமல் விட்டாலோ, பெண்ணுக்கென்றால் சலூட் கட்டாயமில்லை என்பதைத் தங்கள் பின்னால் நின்ற பெண்கள் அன்றே பாடமாக்கிவிடுவார்கள்.

"சேர், பள்ளிக்கூடத்தில நான் மிஸ். இங்க கப்டன்" என்றீர்கள்.

"ரெண்டு பேரும் ஒரே ரேங்க்தானே மிஸ். நமக்குள்ள சலூட் எதுக்கு?"

"ஓம், ஒரே ரேங்க்தான். அப்ப ரெண்டு பேருக்கும் கை ஒரே மாதிரித்தானே எழும்ப வேணும்" என்று சொல்லி, மூத்தவராகிய தாங்களே முதலில் சலூட் வைத்தீர்கள்.

நௌபர் சேரின் கை பயிற்சியின் பழக்கத்தால் தானாக எழுந்து பதில் வைத்துவிட்டது. சலூட் வைப்பவர் ஒப்படைக்கிறார், பதில் வைப்பவர் ஏற்கிறார் என்பதே முறை. அம்முறைப்படி அணிவகுப்பு இப்போது அவருடையது! தாங்கள் அதைத் தெரிந்தே செய்தீர்கள். ஓரடி பின்வைத்து, அவரது கட்டளைக்காகக் காத்து நின்றீர்கள். தங்கள் கண் கலங்கியிருந்தது என்று முன்னால் நின்ற பிள்ளைகள் பின்னர் எங்களிடம் சொன்னார்கள்.

எதிர்பாராமல் கைக்கு வந்த பொறுப்பை நௌபர் சேர் வைத்துக்கொண்டிருக்கலாம், கேட்பார் இல்லை. அவர் தன் பெடியன்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குதிக்கால் சேர்த்து நிமிர்ந்து, முகாம் முழுதும் காணச் சலூட் வைத்து, "அணிவகுப்பு தயார், கப்டன்" என்று தங்களிடம் ஒப்படைத்தார். "அண்டைக்கு என்ட கைக்கே வெக்கம் வந்திட்டு" என்று இன்றைக்கும் சொல்வார். அழுததை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார். கண்ணில் புழுதி பட்டதாம்.

அதன்பின் தாங்கள் இருவரும் யார் முந்துவது என்று போட்டி போட்ட கூத்தை நகரமே அறியும். ஒருநாள் பஸ் நிலையத்தில், சீருடையின்றி இரு கையிலும் மீன்பையோடு நின்ற நௌபர் சேருக்குத் தாங்கள் விளையாட்டாய் ஒரு சலூட் வைக்க, பதில் வைக்கும் அவசரத்தில் அவர் பாரை மீனை நடுவழியில் போட்டார். சிரிப்பு ஓய்ந்ததும் இருவருமாகக் குனிந்து பொறுக்கினீர்கள்.

அன்புக்குரிய அம்மையே! தங்கள் முழங்கால் நோவு தணியவும், கணவரோடும் மக்களோடும் களிப்புற்று வாழவும், உப்புவெளிக் கடற்கரையில் விடிகாலையில் நடக்கும்போது எவரையும் வேகமாக நடக்கச் சொல்லி விரட்டாமல் இருக்கவும், அவரவர் தெய்வத்தை அவரவர் முறையில் வேண்டி நிற்கின்றோம். தங்களைப் பிரிவது எங்களுக்குக் கவலைதான், அதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி ஒரு செய்தி. தாங்கள் விடுப்பில் இருந்தமையால் அறிந்திருக்கமாட்டீர்கள். சென்ற மாத அணிவகுப்பில், தங்கள் இடத்துக்கு வந்துள்ள லெப்டினன்ட் லோஜினியிடம், அவருக்குப் பின் அதே தரம் பெற்ற லெப்டினன்ட் அஸ்ஹான் சேர் அணியை ஒப்படைத்தார். அருகே வந்து, சலூட் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். லோஜினியும் பதில் வைத்துக் கட்டளையிடத் தொடங்கிவிட்டார். நாங்கள் ஆவலை அடக்க மாட்டாமல், மாலையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, காலையில் என்ன கண்டீர்கள் என்று விசாரித்தோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து விழித்துவிட்டு, "ஒண்டும் நடக்கேல்லையே, மிஸ்" என்றார்கள்.

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமின்றி வழியனுப்பும்
ஆசிரியர் குழாத்தினர்,
திருகோணமலை.