ஆறவிட்டு அளந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பட்டறை அதிகாரிகளே, சங்கத் தலைவர்களே, முன்வரிசையில் இருக்கும் மேஸ்திரி ஐயாவின் மகளே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் தொழிலாளர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாய் தடுமாறக் கூடாதென்று எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் நம் கேஜ் மேஸ்திரி ஐயாவைப் பிழையே செய்யாதவர் என்றார்கள். அதோ, திரைக்குப் பின்னால் இருக்கிற நினைவுக் கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருக்கிறதாம். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒரு மனிதரை இவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தால், எதையோ மறைக்கத் தேய்க்கிறோம் என்றுதானே அர்த்தம்?

சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கேஜ் என்பது செய்த சாமானின் பருமனைச் சரிபார்க்கும் இரும்புக் கவ்வி. அது அவர் கையை விட்டு இறங்கியதே இல்லை. வீட்டுக்குப் போனாலும் சம்சாரத்தை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார் என்று கேலி பேசுவோம்.

போர் வந்தது. ரயில் சக்கரம் கடைந்த லேத்துகளில் பீரங்கிக் குண்டின் கூடு கடையச் சொன்னார்கள். ஆண்கள் பாதிப் பேர் படைக்குப் போய்விட்டதால் எங்களை வேலைக்கு எடுத்தார்கள். ஆளுக்கொரு எண். கடைந்த கூட்டின் அடியில் அதைக் குத்த வேண்டும். என் எண் நாற்பத்தொன்று. வேகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் மாதம், ராணுவக் கிடங்கிலிருந்து ஒரு வேகன் நிறையக் கூடுகள் திரும்பி வந்தன. பருமன் குறைச்சல், பீரங்கிக் குழாய்க்குள் ஆடும் என்றார்கள். புரட்டிப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் அடியில் நாற்பத்தொன்று.

என் தம்பி அப்போது போருக்கு எதிராகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி ஜெயிலில் இருந்தான். போதாதா? அக்காக்காரி வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று மேலே முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து லேத்துக்காரி தன் தண்ணீர்க் குவளையைக்கூட என் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டாள். வாரக் கடைசியில் போலீஸ் வரும் என்று சொன்னார்கள்.

மேஸ்திரி ஐயா எனக்காக ஒரு வார்த்தை பேசினாரா? இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான்கு நாள். எண்ணெய் விட்டால் பார்ப்பார், மூக்கைச் சிந்தினால் பார்ப்பார். காட்டிக்கொடுக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து மனசுக்குள் நான் வைத வசவைச் சபையில் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் காலையில், முந்தின மாலை தானே அளந்து சரி என்று பூட்டி வைத்த என் கூடுகளை மறுபடி அளந்தார். எல்லாமே குறைச்சல். சாவி அவர் இடுப்பில். அப்படியானால் கெடுத்தது யார்?

"ஏம்மா நாப்பத்தொண்ணு, கடைஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு அளக்கறே?"

"உடனேதான். நீங்கதானே ஐயா சூட்டோட சூடா அளக்கச் சொன்னீங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ரயில்காரர்களுக்கு அது கைப்பழக்கம். சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் காய்ச்சி, சூட்டோடு அளந்து மாட்டுவார்கள். ஆறினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்கு அது நல்லது. குண்டுக்கு? சூட்டில் சரியாக இருந்த கூடு, ஆறியதும் இளைத்துவிடும். வேகமாகக் கடைகிறவளின் கூட்டில்தான் சூடு அதிகம். என் வேகமே என்னை மாட்டிவிட்டது.

அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் தம்பிக்குத் துணையாகப் போயிருப்பேன். அவர் பதவி உயர்ந்து ஃபோர்மேன் ஆகியிருப்பார். ஆனால் அவர் நேராக அதிகாரியின் அறைக்குப் போனார். தப்பு என்னுடையது, நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்து, அளவு அறைக் கதவில் சாக்பீஸால் 'ஆறவிட்டு அள' என்று எழுதினார். போலீஸ் வரவில்லை. ஓய்வு பெறும்வரை அவருக்கு ஃபோர்மேன் வேலையும் வரவில்லை.

பல வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன். "அந்த நாலு நாளும் என்னைச் சந்தேகப்பட்டீங்களா ஐயா?"

"பட்டேன். முதல்ல உன்னை. அப்புறம் லேத்தை. அப்புறம் கேஜை. எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருந்தது நான்தான்."

பெரியோர்களே, பிழையே செய்யாத ஒருவரையா நாம் இழந்திருக்கிறோம்? அப்படி ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. தன்னையும் சந்தேகப்பட்ட ஒருவரை இழந்திருக்கிறோம். அதிகாரிகளே, அவர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் உங்கள் அலமாரியில்தானே இருக்க வேண்டும்? இருக்கிறதா? தேடி எடுங்கள். கல்லையும் மாற்றி வெட்டுங்கள். கதவில் அவர் எழுதிய இரண்டு சொல் போதும்.

அந்த அளவு அறையில் இன்று கேஜ் பிடிப்பவள் என் பேத்தி. ஐயா விட்டுப்போன வேலையை என் வீடு கைவிடாது என்று இந்தச் சபைக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஆறவிட்டுத்தான் அளக்கிறேன் பாட்டி என்று அவள் சத்தியம் செய்கிறாள்.

நாளைக் காலையில் போய் நானே ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.