நாற்பத்திரண்டாவது குழி

கோடையில் எங்கள் ஊர் மண்ணை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது, ஐயா. முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் குழியின் ஓரம் பொலபொலவென்று சரிந்துவிடும். கோணல் குழியைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

இருபத்தாறு வருஷமாக ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன் அப்பா. மொத்தம் நாற்பத்தொரு கல்லறைகள். முதலாவது, கிணறு வெட்ட வந்த ஒருவருடையது. அப்போது இங்கே ஊரே கிடையாது. அவருக்குத் துணையாகத்தான் ஊர் வந்தது என்பார் அப்பா. ஒன்பதும் பத்தும் மாமியாரும் மருமகளும். உயிரோடிருந்தவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள். இப்போது இருவருக்கும் நடுவில் ஒரு முழம்தான், ஒரு சத்தமும் இல்லை. வேலி கட்டுவேன், எழுத்து மங்கிய கல்லுக்கு மை அடிப்பேன், மண்ணைக் குடையும் எலிகளுக்கு மருந்து வைப்பேன்.

போன வருஷம் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினைந்து வருஷம் யாரையும் அடக்கம் செய்யாத இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களாம். எலும்புகளை நகரத்துக்கு மாற்றிவிட்டு அங்கே சாலை வருமாம். எங்களுக்குக் கெடு இந்த மாதம் முப்பத்தொன்று. அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். அதிகாரி நல்ல மனிதர்.

"நான் என்னங்க பண்றது? ஒரே ஒரு ஆளை அடக்கம் பண்ணியிருந்தாக்கூடப் போதும். இன்னும் பதினஞ்சு வருஷத்துக்கு யாரும் கை வைக்க முடியாது" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆயுசு கெட்டி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தையல்காரர். அவர் விஷயம் உங்களுக்குத் தெரியாது. மாரடைப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் தவறு என்மேல்தான். அவர் மகனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவன் வண்டியோடு வந்து, "அப்பாவை எங்க பக்கத்துலயே வெச்சுக்கிறோம் மாமா" என்று அழுதுகொண்டே ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வெட்டிய குழியை நானே மூடினேன். மனசு விட்டுப்போயிற்று.

அக்காவை அப்படி யாரும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. எனக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். அவள்மேல் எனக்கு உயிர். "நான் போனா என்னைய இங்கயே வைடா, வேற எங்கயும் கொண்டு போயிராத" என்று அடிக்கடி சொல்வாள்.

வியாழக்கிழமை நான் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது சாப்பாடு கொண்டுவந்தாள்.

"யாருக்குடா இது?"

"யாருக்காவது ஆகும்க்கா."

எட்டிப் பார்த்தாள். "ஓரமெல்லாம் எவ்வளவு நேரா இருக்கு. அப்படியே அப்பா கை உனக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்?

சனிக்கிழமை மாலை நான்தான் டீ போட்டேன். "லேசா கசக்குதுடா" என்றாள். ஆனாலும் குடித்துவிட்டாள். நான் போட்டுக் கொடுத்த எதையும் அவள் மிச்சம் வைத்ததே இல்லை.

எங்கள் பதிவேட்டில் குழி வெட்டிய தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. அப்பா காலத்திலிருந்து அதில் யாரும் பொய் எழுதியது கிடையாது. நானும் வியாழன் என்றுதான் எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில், இறந்த நாள் சனி. நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள். வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

நேற்று அக்காவைத் தோண்டி எடுத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனீர்கள். கொண்டுபோகத்தான் வேண்டும், குறை சொல்லவில்லை. உங்கள் ஆட்கள் ஓரத்தை மட்டும் இடித்துவிட்டார்கள். பரவாயில்லை, சரிசெய்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்று தேதி இருபத்தெட்டு. முப்பத்தொன்றுக்குள் அவளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். குழி காலியாகக் கிடந்தால் அந்த அதிகாரி ஏற்றுக்கொள்ளமாட்டார். அப்புறம் நான் அவளை அநியாயமாகக் கொன்றதாக ஆகிவிடும்.