பச்சை பெயிண்ட் ரசீது

முதலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் முழங்கால் இரண்டும் வாரத்துக்கு ஒரு தடவைதான் கீழே இறங்கச் சம்மதிக்கின்றன, அதுவும் அரை மனசோடு. அந்த நீல நாற்காலியை நம்பலாம். பக்கத்தில் இருப்பதை நம்ப வேண்டாம்.

நீங்கள் ஆடிட்டர் என்பது பையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓடிப்போன தலைவரைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ மூன்று வருஷத்துக்கு முந்தைய பச்சை பெயிண்ட் ரசீதை எடுத்து நீட்டுகிறீர்கள். பால்கனிக் கம்பியை வெல்டர் மாற்றினார் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் வெல்டருக்குக் கூலி கொடுத்த ரசீது இல்லை, பெயிண்டருக்குக் கொடுத்தது மட்டும் இருக்கிறதே என்கிறீர்கள். போலீஸ்காரர்களுக்கே தோன்றாத கேள்வி. உங்களைக் கணக்குப் படிக்கவைத்தவர்கள் வீணாகச் செலவு செய்யவில்லை. சொல்கிறேன்.

எங்களுடையது முப்பத்திரண்டு வீடுள்ள சின்னச் சங்கம். அப்போதிருந்த பழைய கட்டடம் நான்கு மாடி, ஒரு மோட்டார். தண்ணீர் ஏற்றும் நேரத்தைவிட அது இருமும் நேரம் அதிகம். பத்தொன்பது வருஷம் நான்தான் செயலாளர். பாசத்தால் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செயலாளர் யார் என்று கேட்டதும் எல்லோருக்கும் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிடும்.

எங்களிடம் ஒரு சிவப்பு நோட்டு இருந்தது. யார் வீட்டில் என்ன ரிப்பேர் என்றாலும் அதில் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் யார் செய்தார் என்று குறித்து, 'முடிந்தது' என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்துக்கு அப்படியொரு மரியாதை. குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதுன்னு போட்டிருக்கே, அப்ப இது வேற ஒழுகலா இருக்கும்" என்று புதிதாக எழுதிவிட்டுப் போனார். அப்படிப்பட்ட ஜனங்கள்.

அப்போதுதான் அடுத்த தெருப் பெரிய சங்கம் எங்களைப் பெண் கேட்டு வந்தது. அறுநூறு வீடு, கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். அதன் தலைவரை நாங்கள் சென்ட் பாட்டில் என்போம். அவர் வந்து சேர்வதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே வாசனை வந்து நாற்காலி பிடித்துவிடும். இரண்டு சங்கமும் ஒன்றாகிவிடலாம், எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டு ஒன்பது மாடி எழுப்பலாம், பழையவர்களுக்கு ஆளுக்கொரு வீடு, மிச்சத்தை விற்று எல்லோரும் சௌக்கியமாக இருக்கலாம் என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டையில் அந்தக் கட்டடத்தைச் செய்து வைத்திருந்தார். தீக்குச்சி அளவுக்கு மரங்கள். அரிசி அளவுக்கு மனிதர்கள். நடுவில் வெள்ளிப் பேப்பர் சுற்றிய லிஃப்ட். நூல் பிடித்து இழுத்தால் அது நிஜமாகவே மேலே போகும். நான் ஆறு தடவை இழுத்துப் பார்த்தேன். ஏழாவது மாடிக் கிழக்கு ஜன்னல் என்று என் வீட்டை அன்றைக்கே பார்த்து வைத்துவிட்டேன். மூன்று மாடி ஏறி இறங்கியே தேய்ந்த முழங்காலுக்கு அந்தப் பெட்டி என்னவாகத் தெரிந்திருக்கும் என்று உங்கள் வயசில் புரியாது.

சென்ட் பாட்டில் இரண்டே நிபந்தனை போட்டார். சிவப்பு நோட்டில் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு ரிப்பேரும் நிலுவையில் இருக்கக் கூடாது. முப்பத்திரண்டு வீட்டில் இருபத்து நான்கு வீடு ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வீடு வீடாகப் போய் இருபத்து மூன்று கையெழுத்து வாங்கிவிட்டேன். மிச்சம் ஒன்பது வீடும் டீச்சர் சொல்வதைக் கேட்கிற வீடுகள்.

டீச்சர் எனக்கு நேர் மேல் வீடு, நான்காவது மாடி. முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள். என் சிநேகிதி. சிநேகிதி என்றால் சும்மா இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே செய்தித்தாள்தான். காலையில் அவள் பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு துணிப்பை கட்டி என் பால்கனிக்கு இறக்குவாள். "ஏண்டி செக்ரட்டரி, பேப்பர்" என்று ஒரு குரல். போட்டு அனுப்புவேன். மத்தியானம் திரும்பி வரும்போது குறுக்கெழுத்து முழுக்கப் பேனாவால் நிரப்பியிருப்பாள். எனக்கென்று ஒரு கட்டம் விட்டுவைத்ததில்லை. அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

இணைப்பு ஒப்பந்தத்தை அவள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். பெரிய சங்கத்தின் கடன் நம் தலையிலும் விழும், கட்டி முடிக்கும் வரை நமக்கு வாடகை தருவதாக ஒரு வரிகூட இல்லை என்று வீடு வீடாகச் சொன்னாள். என்னிடமும் சொன்னாள்.

"வீடு கட்டித் தரேங்கிறவன் முதல்ல அவன் கடனைக் கட்டட்டுமே. உனக்கு லிஃப்ட் பைத்தியம் பிடிச்சிருக்குடி."

"உனக்கு முழங்கால் நல்லாயிருக்கு, நீ பேசுவ" என்றேன்.

"முழங்காலுக்குத் தைலம் இருக்கு. தெருவுல நிக்கறதுக்கு என்ன தைலம் இருக்கு?"

பேச்சில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

அந்தச் சமயத்தில் நோட்டில் மிச்சமிருந்த நிலுவை ஒன்றே ஒன்று. டீச்சர் வீட்டுப் பால்கனிக் கம்பி. ஆட்டம் காண்கிறது என்று அவளே எழுதி, ஆபத்து என்று தெரியச் சிவப்புத் துணி ஒன்றும் கட்டி வைத்திருந்தாள். சாயாமல் எட்ட நின்றுதான் பையை இறக்குவாள். நான் வெல்டரைக் கூட்டிப்போனேன். அவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, இது கம்பியே இல்ல. துருவை அடுக்கிக் கம்பி மாதிரி நிக்க வெச்சிருக்காங்க. மொத்தமா மாத்தணும்."

இடிக்கப்போகிற கட்டடத்துக்குப் புதுக் கம்பியா? சங்கத்துப் பணத்தை வீணாக்குகிறவள் இல்லை நான். அதே வாரம் டீச்சர் கண் ஆபரேஷனுக்காக அண்ணன் மகன் வீட்டுக்குப் போனாள். சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். பெயிண்டரை அழைத்து ஓட்டையெல்லாம் மக்கு வைத்து அடைத்துப் பச்சை பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். துணியை அவிழ்த்து, துவைத்து மடித்து வைத்தேன். நோட்டில் வெல்டர் பேரைப் போட்டு, 'முடிந்தது' என்று கையெழுத்திட்டேன். அந்த நிமிஷத்தில் நிபந்தனையை நிறைவேற்றுவதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து திரும்பியதும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "கம்பி என்னாச்சு?"

"முடிஞ்சுது. நோட்டுல பாரு."

பார்த்தாள், தம்பி. கம்பியை இல்லை, நோட்டை. கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, என் கையெழுத்துக்கு மேல் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள். "நீ போட்டா சரிதான்" என்றாள். மறுநாள் காலையிலிருந்து கம்பியில் மார்பு பதியச் சாய்ந்து பையை இறக்கினாள்.

பத்து நாள் அது அவளைத் தாங்கியது. பெயிண்டர் நல்ல வேலைக்காரர்.

அதற்கப்புறம் ஒரு விஷயம் என் நினைவுக்கு வந்தது. எங்கள் விதிப்படி உறுப்பினர் இல்லாமல் போனால் ஓட்டு வாரிசுக்குப் போகும். வாரிசுப் படிவங்கள் என் பீரோவில்தான் இருந்தன. டீச்சருடைய படிவத்தில் அண்ணன் மகன் பேர். அந்தப் பையன் வீடென்ன, நின்று விலை கேட்டால் வாசற்படியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. வியாழக்கிழமை டீச்சர் என்னிடம் பத்தொன்பது வருஷத்துக் கணக்கையும் கேட்டாள். நம் சங்கம் கடனில்லாமல் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, இதைக் கொண்டுபோய் அவர்களிடம் அடகு வைக்க வேண்டாம் என்று காட்டப் போகிறாளாம். "உன்னைப் பெருமையாத்தான் பேசப்போறேண்டி" என்றாள். உண்மையாகவே பேசியிருப்பாள். இருபத்து மூன்றில் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பை இறங்கியது. செய்தித்தாளை வைக்கவில்லை. பத்தொன்பது கணக்குப் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினேன். கெட்டி அட்டை போட்டவை. கயிறு விறைத்தது.

மேலிருந்து குரல் வந்தது. "என்னடி, அம்மிக்கல்லை வெச்சிருக்கியா?"

"நீ கேட்ட கணக்குதான். நல்லா முன்னால குனிஞ்சு இழு."

இழுத்தாள். பை என் தலைக்கு மேல் ஒரு முழம் ஏறியது. பையைக் கட்டியதுபோக மிச்சமிருந்த கயிற்றின் வால் என் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடித்து ஒரு தடவை இழுத்தேன். பலமாக என்று சொல்ல முடியாது. வேலை எந்த அளவுக்கு உறுதி என்று பார்ப்பது செயலாளருடைய பொறுப்புதானே.

"விடுடி, விளையாடாத" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இன்னொரு தடவை இழுத்தேன்.

அவள் என் பால்கனியைக் கடந்துபோனபோது முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கம்பி பின்னால் வந்தது. கணக்குப் புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்றிரண்டு அட்டை கழன்றதோடு சரி. நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பவை அவைதான். அன்றைய குறுக்கெழுத்தை நானே நிரப்ப உட்கார்ந்தேன். மூன்று கட்டம் வரவே இல்லை.

போலீஸ்காரர்கள் நோட்டைப் பார்த்தார்கள். வெல்டர் பேர் இருந்தது, கீழே என் கையெழுத்து. நான் செய்யவே இல்லை ஐயா, பார்க்கத்தான் வந்தேன் என்று அவர் சொல்லாத ஆளில்லை. நோட்டில் இருக்கும்போது அவர் பேச்சை யார் கேட்பார்கள்? ஒன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அவர் மனைவிக்கு நான் ஒரு பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்தேன். என் சொந்தப் பணத்தில், சங்கக் கணக்கில் இல்லை.

டீச்சரின் அண்ணன் மகன் மயானத்திலிருந்து வந்த கையோடு, "ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை மீட்டிங் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். இருபத்து நான்காவது ஓட்டு. எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சருக்கு ஒரு நிமிஷம் மௌனம் இருக்கச் சொன்னதும் நான்தான். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தோம்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். கட்டடத்தை இடித்தார்கள், குழி தோண்டினார்கள். வாசனையோடு சேர்ந்து தலைவரும் காணாமல் போனார். கடன்காரர்கள் வந்தார்கள். டீச்சர் சொன்ன வரிசை கொஞ்சமும் மாறவில்லை. முப்பத்திரண்டு குடும்பமும் வாடகைக்கு அலைகிறது. குழியில் இப்போது தவளைகள் இருக்கின்றன. அந்தத் திட்டத்தில் சொன்ன தேதிக்குக் குடியேறியவை அவை மட்டும்தான்.

உங்கள் பேனாவைக் கொடுங்கள். அந்த 'முடிந்தது' என்பதை அடித்துவிட்டுச் சரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதிய ஒரே தப்பு அது. மற்றபடி எனக்கு ஒரு மன நிம்மதி உண்டு. அந்தக் குழியைப் பார்த்திருந்தால் டீச்சர் உடைந்துபோயிருப்பாள். அதைப் பார்க்கவிடாமல் அவளை அனுப்பிவைத்தேனே. சிநேகிதிக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.