ஒதில் அம்மையார் வரி மறந்தபோது

அவையை நடத்தும் தலைவர் இரவிச்சந்திரன் அவர்களே, புவாண்ட்-கிளேர்ப் புறநகரிலிருந்து பனியைக் கடந்து வந்த பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் உறங்கவைத்தபடி செவிகொடுக்கும் தாய்மாரே, மேடையில் வீற்றிருக்கும் நடிப்பரசி ஒதில் மெர்வான் அம்மையாரே, எல்லாருக்கும் இந்த வலன்ரைனின் வணக்கம்.

யார் இந்த அம்மையார்? பிரான்சின் துறைமுக நகரொன்றில் பத்தொன்பது வயதில் மேடை ஏறியவர். ஐம்பத்து மூன்று ஆண்டுகள், நாற்பது திரைப்படங்கள். அரசியாக வந்தார், பார்த்தவர்கள் அழுதார்கள். கைம்பெண்ணாக வந்தார், அழுதார்கள். கொலைகாரியாக வந்தார், அப்போதும் அவர் பக்கமே நின்று அழுதார்கள்.

வலன்ரைன் என்ற நான் யார்? இந்நகர நாடக அரங்கொன்றில் நடிகர்களுக்கு உடை மாற்றிவிடுபவன். மன்னாரில் கூத்துப் பார்த்து வளர்ந்தவன்.

சென்ற மார்கழியில் அம்மையார் இங்கே நடிக்க வந்தார். ஒத்திகையில் இரண்டு முறை வரி மறந்தார். இன்னொரு முறை மறந்தால் வேறொருவர் நடிப்பார் என்று நெறியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முதல் நாள் நாடகம். நீல ஒளி. மேலிருந்து காகிதப் பனி மெல்ல, மெல்ல, மெல்ல இறங்குகிறது. சபை முழுவதும் பாதி உறக்கத்தில் மிதக்கிறது. அந்தக் கனவின் நடுவே அம்மையார் நடந்தார், நின்றார், நின்றேவிட்டார். வரி வரவில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுப் பெயர் அந்த நொடியில் தொங்கியது.

மறந்த வரியை மறைவில் நின்று முணுமுணுப்பது அந்த அரங்கின் வழக்கம். கூத்துக்காரனுக்கு அந்த நேரத்தில் அது நினைவு வருமா? கூத்தைப் பழக்கும் எங்கள் அண்ணாவியார் பாட்டெழுதிய கொப்பியோடு மேடையிலேயே அல்லவா நிற்பார்? தோளில் அம்மையாரின் மேலங்கி, கையில் நாடகக் கொப்பி, நேரே உள்ளே நடந்தேன். அத்தனை பேருக்கும் கேட்க, என் மன்னார்ப் பிரெஞ்சில் அடி எடுத்துக் கொடுத்தேன்.

ஓம், முன்வரிசையிலை சிரிக்கிற றோசா அக்கா, கேளாமல்தான் மேடை ஏறினனான். அதை ஏன் மறைப்பான்?

அம்மையார் என்னைப் பார்த்தார். பரிசு வாங்குவதுபோல் அந்த வரியை வாங்கிப் பேசினார். நாடகமே அப்படித்தான் என்று சபை நம்பியது. பின்னர் இரண்டு முறை அவராகவே கை நீட்டினார். கொடுத்தேன்.

நாடகம் முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குள் நெறியாளர் கொதித்துக்கொண்டு வந்தார். அம்மையார் கையுயர்த்தி நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்கள் ஊரில் மறப்பது அவமானம் இல்லையா?"

பிரெஞ்சில்தான் பதில் சொன்னேன். தமிழில் இப்படி வரும்: "ஆக்கள் மறப்பினம் எண்டுதானே அம்மா, அண்ணாவியார் பக்கத்திலை நிக்கிறார்."

அம்மையார் அழுதார். "இந்த ஒரு நொடிக்குப் பயந்தே என் வாழ்நாள் போய்விட்டது. நாளைக்கும் வா" என்றார். முப்பது நாள் நாடகம் நடந்தது. முப்பது நாளும் நின்றேன். வேறொருவர் என்ற பேச்சே பிறகு எழவில்லை.

இன்று நம் கூத்தில் அவர் அரசி. தமிழில் ஆறு அடிகள், மூன்று மாதமாகப் படித்தார். இப்போதுதான் என் காதில் சொல்கிறார், ஆறும் மறந்துவிட்டனவாம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், பாருங்கள். இவர் பயமில்லாமல் சிரிப்பதை இன்றுதான் நானும் பார்க்கிறேன்.

பொறுத்துக் கேட்ட சபையோருக்கு நன்றியும் வணக்கமும். அம்மையாரே, எழுந்து வாருங்கள். பக்கத்தில் நான் நிற்கிறேன்.